பெருக்குத் தொடர்: ஒரு கழித்தலில் அவிழும் கணக்கு

பெருக்குத் தொடர் கணக்கில் சிக்கிக்கொண்டு உதவி தேடுபவருக்குச் சூத்திரம் தெரியாமல் இருப்பது அரிது. சூத்திரத்தைத் தாளின் மேற்பகுதியில் எழுதி வைத்துவிட்டு, கொடுக்கப்பட்ட எண்களில் எதை எந்த இடத்தில் இடுவது என்று புரியாமல்தான் பலரும் நிற்கிறார்கள். அவர்களிடம் அதே சூத்திரத்தை இன்னொரு முறை ஒப்பிப்பதால் பயனில்லை. அந்தச் சூத்திரம் எந்தச் செயலின் சுருக்கம் என்பதைக் காட்டிவிட்டால், பாதிக் கணக்குகளுக்குச் சூத்திரமே தேவைப்படாது.

ஒவ்வோர் உறுப்பையும் மாறாத ஓர் எண்ணால் பெருக்கி அடுத்த உறுப்பைப் பெற்றால், அது பெருக்குத் தொடர்வரிசை. அந்த மாறாத எண்ணே பொது விகிதம். உறுப்புகளைக் கூட்டல் குறியால் இணைத்தால் பெருக்குத் தொடர் கிடைக்கும். 3 + 6 + 12 + 24 + … + 1536 என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். இதன் பொது விகிதம் 2. தொடர் முழுவதையும் 2 ஆல் பெருக்கினால் 6 + 12 + 24 + … + 1536 + 3072 என்று ஆகிறது. புதிய தொடர் பழையதிலிருந்து இரண்டே இடங்களில்தான் வேறுபடுகிறது: தொடக்கத்தில் இருந்த 3 போய்விட்டது, முடிவில் 3072 சேர்ந்திருக்கிறது. இடையிலுள்ள உறுப்புகள் யாவும் இரண்டிலும் பொது. எனவே புதியதிலிருந்து பழையதைக் கழித்தால் அவையெல்லாம் நீங்கி, 3072 − 3 = 3069 மட்டும் எஞ்சுகிறது. கூடுதலின் இரு மடங்கிலிருந்து கூடுதலைக் கழித்தால் கிடைப்பது கூடுதலே என்பதால், விடை 3069.

பொது விகிதம் 2 ஆக இல்லாவிட்டால், கழித்தலுக்குப் பின் கிடைப்பது கூடுதலின் (பொது விகிதம் − 1) மடங்காக இருக்கும். அதனால் வகுத்துவிட வேண்டியதுதான். ஆக, கூடுதல் = (கடைசி உறுப்புக்கு அடுத்து வரவேண்டிய உறுப்பு − முதல் உறுப்பு) ÷ (பொது விகிதம் − 1). பொது விகிதம் 1 ஆக இருந்தால் பூச்சியத்தால் வகுக்க நேரும் என்பதால் இந்த வழி செல்லாது. அங்கே எல்லா உறுப்புகளும் சமம் என்பதால் வெறும் பெருக்கலே போதும்.

பாடநூல்களில் இதே உறவு உறுப்புகளின் எண்ணிக்கையை அடுக்காகக் கொண்டு எழுதப்படுகிறது. அது தவறில்லை; ஆனால் பிழை நுழையும் வாசலும் அதுவே. 2-இன் 3-ஆம் அடுக்கு முதல் 12-ஆம் அடுக்கு வரை கூட்டச் சொன்னால், 12-இலிருந்து 3-ஐக் கழித்து ஒன்பது உறுப்புகள் என்று எழுதிவிடுவது எளிது. உண்மையில் அவை பத்து. ‘அடுத்த உறுப்பு’ என்று நினைத்துக்கொண்டால் எண்ண வேண்டிய தேவையே எழாது: 8192 − 8 = 8184. பெருக்குத் தொடரின் கூடுதலைப் பற்றி யூக்ளிட் தம் ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் ஒன்பதாம் பகுதியில் நிறுவிய 35-ஆம் தேற்றமும், உறுப்புகளை எண்ணாமல், இரண்டாம் உறுப்பு, இறுதி உறுப்பு ஆகியவற்றிலிருந்து முதல் உறுப்பைக் கழித்துக் கிடைக்கும் மிச்சங்களின் விகிதங்களைக் கொண்டே அமைந்திருக்கிறது.

சில கணக்குகளில் தொடரே மறைந்திருக்கும். முதல் மூன்று உறுப்புகளின் கூடுதல் 7, முதல் ஆறின் கூடுதல் 63 என்று மட்டும் தந்து தொடரைக் கேட்பார்கள். இரண்டு சமன்பாடுகளை எழுதி ஒன்றை மற்றொன்றால் வகுக்கும் வழக்கமான முறை சரிதான் என்றாலும், சற்று நின்று பார்த்தால் அதுகூட வேண்டியதில்லை. அடுத்த மூன்று உறுப்புகளின் கூடுதல் 56. அந்த மூன்றில் ஒவ்வொன்றும் முதல் மூன்றில் தனக்கு நேரான உறுப்பைப் பொது விகிதத்தால் மூன்று முறை பெருக்கக் கிடைத்தது. 56-ஐ 7 ஆல் வகுத்தால் 8. ஆகவே பொது விகிதம் 2, தொடர் 1 + 2 + 4 + … என்பது. வேறு சில கணக்குகளிலோ தொடர் பெருக்குத் தொடராகவே இருக்காது. 5 + 55 + 555 என்பதில் அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் மாறுகிறது. ஆனால் 5/9-ஐ வெளியே எடுத்தால் உள்ளே 9 + 99 + 999 கிடைக்கும்; ஒவ்வொன்றும் பத்தின் ஓர் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தது என்பதால், 10 + 100 + 1000 என்ற பெருக்குத் தொடர் வெளிப்படுகிறது. 1110 − 3 = 1107; அதன் 5/9 மடங்கு 615.

உறுப்புகள் முடிவின்றிச் செல்லும்போதுதான் இதன் சுவை கூடுகிறது. பொது விகிதம் −1-க்கும் 1-க்கும் இடைப்பட்டதாக இருந்தால், ‘அடுத்த உறுப்பு’ சிறுத்துக்கொண்டே போய்ப் பூச்சியத்தை நெருங்குகிறது. கழித்தலில் முதல் உறுப்பு மட்டுமே நிற்பதால், கூடுதல் = முதல் உறுப்பு ÷ (1 − பொது விகிதம்). இந்த வரம்பை மறந்து 1 + 2 + 4 + 8 + … என்ற தொடரில் சூத்திரத்தை இட்டால் விடை −1 என்று வரும். மிகை எண்களை மட்டும் கூட்டிக் குறை எண்ணைப் பெற முடியாது. ஒருங்காத தொடருக்கு, அதாவது கூட்டிக்கொண்டே போனாலும் ஓர் எண்ணை நெருங்கி நிற்காத தொடருக்கு, கூடுதல் என்று ஓர் எண்ணே இல்லாதபோது, அதைப் பெருக்குவதும் கழிப்பதும் பொருளற்றவை.

இந்த இடத்தில் பழைய கணிதர்கள் காட்டிய எச்சரிக்கை வியக்கத்தக்கது. பரவளையத் துண்டு ஒன்றின் பரப்பைக் காண முற்பட்ட ஆர்க்கிமிடீஸ், அதனுள் ஒரு முக்கோணத்தை வரைந்து, எஞ்சிய இடங்களில் மேலும் மேலும் முக்கோணங்களை நிரப்பினார். ஒவ்வொரு சுற்றிலும் சேரும் பரப்பு முந்தைய சுற்றில் சேர்ந்ததில் கால் பங்கு. 1 + 1/4 + 1/16 + … என்று கூட்டினால் 4/3 வரும். ஆனால் அவர் முடிவிலி வரை கூட்டவில்லை. எந்த உறுப்போடு நிறுத்தினாலும், அந்தக் கடைசி உறுப்பின் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் சரியாக 4/3 ஆகிறது என்று காட்டினார். கேரளத்தைச் சேர்ந்த நீலகண்ட சோமயாஜி (1444–1544) தம் ஆரியபட்டீய பாஷ்யத்தில் 1/4 + 1/16 + 1/64 + … என்பதன் கூடுதல் 1/3 என்று விளக்குகிறார். 1/3 என்பது 1/4-உம் 1/12-உம் சேர்ந்தது. 1/12 என்பது 1/16-உம் 1/48-உம் சேர்ந்தது. ஒவ்வொரு படியிலும் எஞ்சுவது கடைசியாக எடுத்த உறுப்பின் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஆர்க்கிமிடீஸ் கண்ட அதே மிச்சம்.

சுழல் தசமங்களும் இவ்வகையே. 0.272727… என்பது 27/100-இல் தொடங்கி 1/100-ஐப் பொது விகிதமாகக் கொண்ட தொடர். கூடுதல் 27/99, அதாவது 3/11. 0.1666… போன்றவற்றில் சுழலாத 1-ஐத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

தனியே வைக்க வேண்டியதைத் தொடருக்குள் இழுத்துவிடுவதுதான் துள்ளும் பந்துக் கணக்கிலும் நேர்கிறது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து ஒவ்வொரு முறையும் முந்தைய உயரத்தில் 3/5 பங்கு எழும்பினால், அது கடக்கும் மொத்தத் தொலைவு என்ன? 10 ÷ (1 − 3/5) = 25 என்பதும் அதன் இரு மடங்கான 50 என்பதும் தவறான விடைகள். முதல் 10 மீட்டரைப் பந்து இறங்க மட்டுமே செய்கிறது; அதன் பின் வரும் 6, 3.6, 2.16 … ஆகிய உயரங்களையே ஏறி இறங்கிக் கடக்கிறது. அவற்றின் கூடுதல் 15; ஆகவே தொலைவு 10 + 30 = 40 மீட்டர்.

இதில் காலத்தையும் கேட்கலாம். விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், நேரங்களின் பொது விகிதம் 3/5-இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 0.775. இதுவும் 1-ஐவிடக் குறைவு. ஆகவே காற்றின் தடையைக் கருதாவிட்டால், எண்ணற்ற துள்ளல்களும் சுமார் 11 விநாடிகளுக்குள் முடிந்துவிடுகின்றன. உண்மையான பந்தில் துள்ளல் சிறிதாகும்போது விகிதம் மாறாமல் இருப்பதில்லை. ஆனால் கணக்கு அதைக் கேட்கவில்லை.