அமலைக்குள் போன விரால்: நரம்பு ஏன் அறுகிறது?

ஒரு கிலோ விரால். பத்து கிலோ தாங்கும் என்று அட்டையில் அச்சடித்த தங்கூசி, அதாவது நைலான் தூண்டில் நரம்பு. மீன் கொத்துகிறது, அமலைக்குள் (ஆகாயத்தாமரைக்குள்) பாய்கிறது, நீங்கள் இழுக்கிறீர்கள், நரம்பு அறுந்து போகிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தூண்டில் போடுகிற யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை வைத்திருப்பார்கள். "பெரிய மீன் வே, அஞ்சு கிலோ இருக்கும்" என்று சேர்த்தும் சொல்வார்கள். அஞ்சு கிலோ தேவையே இல்லை. பத்து கிலோ நரம்பு அறுவதற்கு ஒரு கிலோ மீனும் நாலு தண்டும் போதும்.

முரட்டுக் காளையைப் பிடித்து வருகிறவர் கயிற்றைத் தென்னை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, முனையை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காளையின் இழுப்பில் பெரும்பகுதியை மரத்துக்கும் கயிற்றுக்கும் இடையிலான உராய்வே தின்றுவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இதற்குக் கணக்கு எழுதினார். கயிறு சுற்றும் கோணம் கூடக்கூட, இரு முனைகளின் இழுவிசைக்கும் உள்ள விகிதம் பெருக்கல் கணக்கில் ஏறும். உராய்வுக் கெழு (எவ்வளவு உராய்கிறது என்று சொல்லும் எண்) 0.3 என்று வைத்துக்கொண்டால் அரைச் சுற்றுக்கு 2.6 மடங்கு, முழுச் சுற்றுக்கு 6.6 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், மரம் தடியா ஒல்லியா என்ற கேள்வியே கணக்கில் வராது. தென்னை மரமும் விரல் தடிமன் தாமரைத் தண்டும் இங்கே ஒன்றுதான். கோணம் எவ்வளவு, வழுக்கல் எவ்வளவு, அவ்வளவுதான்.

குளத்தில் காளை இருக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். விரால் செடிக்குள் நுழைந்து ஒரு தண்டை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமுமாகக் கடந்து போகிறது. அது ஒரே தண்டை வட்டமடிக்க வேண்டும் என்றில்லை. வளைந்து வளைந்து போன கோணங்களையெல்லாம் கூட்டினால் ஒரு முழுச் சுற்று வந்துவிடும். இப்போது கரையிலிருந்து பத்து கிலோ விசையில் இழுத்தால் மீன் வாய்க்குப் போய்ச் சேருவது ஒன்றரைக் கிலோ. இரண்டு சுற்று விழுந்திருந்தால் கால் கிலோவுக்கும் குறைவு. மீன் கிட்டத்தட்ட சும்மா இருக்கும்போதே உங்கள் பக்கத்து நரம்பு தன் எல்லையைத் தொட்டு அறுகிறது.

ஆகவே செடி மண்டிய தண்ணீரில் நரம்பு, ராடு, இரை என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் கேட்க வேண்டியவை இரண்டு. சுற்று விழாமல் தடுக்குமா? விழுந்தால் அதன் மடங்கைக் குறைக்குமா? இந்தத் திசையில் சாமான்களைத் தீட்டியவர்கள் அமெரிக்காவின் பாஸ் மீன்பிடிக்காரர்கள். பெருவாய்ப் பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். நம் குளங்களில் கிடையாது. ஆனால் செடிக்கடியில் பதுங்கியிருந்து மேலே போவதைப் பாய்ந்து பிடிக்கும் குணத்தில் இரண்டும் ஒன்றுதான். அதனால் பாஸுக்கென்று செய்த ரப்பர் தவளை என்னும் பொய் இரை விராலுக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

முதலில் நரம்பு. பிரெய்டு என்று கடையில் விற்பது மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலித்தீன் இழைகளைப் பின்னிச் செய்தது. பிளாஸ்டிக் வகைகளிலேயே பாலித்தீன் நல்ல வழுக்கல். உராய்வுக் கெழு 0.3இலிருந்து 0.1க்கு இறங்குகிறது என்று வைத்துப் பாருங்கள்: ஒரு முழுச் சுற்றுக்கு 6.6 மடங்காக இருந்தது 1.9 ஆகிவிடும், இரண்டு சுற்றுக்கு 43க்குப் பதில் 3.5. அதே பத்து கிலோ இழுப்பில் மீனுக்கு மூன்று கிலோ போய்ச் சேர்கிறது. கெழு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததற்கு இவ்வளவு ஆதாயம். பெருக்கல் கணக்கு இந்த இடத்தில் நம் பக்கம் வேலை செய்கிறது.

அப்புறம் தடிமன். 50 பவுண்டு, அதாவது 22 கிலோ சொச்சம் தாங்கும் பிரெய்டு சுமார் 0.35 மி.மீ. இருக்கும். அதே பலத்துக்கு நைலான் கிட்டத்தட்ட இரட்டிப்பு தடிமன் வேண்டும். மெல்லிய, பின்னல் மேடுள்ள நூல் அழுத்தி ஓடும்போது அமலையின் பஞ்சுபோன்ற காம்பையும் அல்லித் தண்டையும் ரம்பம் மாதிரி அறுத்துவிடும். தண்டு அறுந்தால் அந்த வளைவே காணாமல் போகும். செடிக்குள் ஓட்டுவதற்கு எட்டு இழை மழமழப்பை விட நாலு இழைப் பின்னலை நான் விரும்புவது இதனால்தான். தூரம் வீசுவதில் எட்டு இழை கொஞ்சம் முன்னே நிற்கும். அமலை ஓரத்தில் அந்தத் தூரத்தால் பெரிய லாபமில்லை.

மூன்றாவது, இழுபடுதல். நைலான் அறுவதற்குள் தன் நீளத்தில் 20 சதவீதத்துக்கும் மேல் நீளக்கூடியது. பிரெய்டு மூன்று நான்கு சதவீதம்தான். மீன் 15 மீட்டர் தள்ளிக் கொத்துகிறது, நீங்கள் ராடை உயர்த்தி வெட்டி இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். ராடு முனை ஒன்றரை மீட்டர் நகரும். நைலான் பத்து சதவீதம் நீண்டாலே அந்த ஒன்றரை மீட்டர் முழுதும் நரம்புக்குள் காணாமல் போய்விடும். அங்கே முள் அசைந்திருக்காது. அந்த ஒரு நொடியில் விரால் திரும்பி இரண்டு தண்டைக் கடந்திருக்கும். திறந்த தண்ணீரில் இந்த நீட்சி நல்லது, மீனின் திமிறலைத் தாங்கும். செடிக்குள் அதே குணம் சத்துரு. ஃபுளோரோகார்பன் என்று இன்னொன்று உண்டு. தண்ணீரைப் போல 1.78 மடங்கு அடர்த்தி, மூழ்கிவிடும். மேலே மிதந்து வரவேண்டிய தவளைக்கு அது ஆகாது. பிரெய்டு தண்ணீரை விட லேசு, மிதக்கும்.

குறைகளும் இருக்கின்றன. வழுக்கும் நூலில் சாதாரண முடிச்சு நிற்காது, உருவிக்கொள்ளும்; நூலை இரட்டையாக மடித்து முள் வளையத்தில் விட்டுப் போடும் பாலமர் முடிச்சு நிற்கும். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரத்தில் மாட்டினால் பிரெய்டும் தோற்கும், பட்டையில் வெட்டிப் பதிந்து நின்றுவிடும். மடைக் கல்லில் உரசினால் அதன் இழைகள் ஒவ்வொன்றாகப் பிய்யும். எங்கே செடி, எங்கே மரம், எங்கே கல் என்று கோடையில் குளம் வற்றிக் கிடக்கும்போதே ஒருநடை பார்த்து வைப்பது புத்திசாலித்தனம்.

ராடு விஷயத்தில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம்: நீள ராடு இருந்தால் பலம் கூடும் என்று. நெம்புகோல் கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஏழு அடி ராடில் முன்கைப் பிடியிலிருந்து முனை வரை சுமார் 1.6 மீட்டர், பிடியிலிருந்து அடிக்கட்டை வரை 40 சென்டிமீட்டர். முனையில் மூன்று கிலோ இழுத்தால் அடிக்கட்டையை நீங்கள் 12 கிலோவுக்கு அழுத்திப் பிடிக்க வேண்டும். ராடு மனிதரைப் பலவீனப்படுத்தும் கருவி. அதன் லாபம் வேகத்தில்: கை கொஞ்சம் அசைந்தால் முனை நாலு மடங்கு தூரம் நகர்கிறது. விழுந்த நூலை ஒரே வீச்சில் இறுக்கி, மீன் தலையைத் திருப்ப அந்தத் தூரம்தான் வேண்டும். கீழ்ப்பாதி தொளதொளவென்று வளைகிற ராடு இந்த வீச்சைத் தன் வளைவிலேயே விழுங்கிவிடும். முனை மட்டும் வளைந்து, கீழ்ப்பாதி விறைப்பாக நிற்கிற 'ஹெவி, ஃபாஸ்ட்' ராடைக் கேட்டு வாங்குங்கள். ஏழிலிருந்து ஏழரை அடி போதும். ரீலின் பிரேக்கைக் கிட்டத்தட்ட முழுதாக இறுக்கிவிட வேண்டும். விராலுக்கு அரை மீட்டர் நூல் கொடுத்தாலும் அது வளைவாகத்தான் திரும்பி வரும்.

நிற்கும் இடம் ராடை விட முக்கியம் என்பேன். தண்ணீர் மட்டத்தில் நின்று, முனை இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்க, 20 மீட்டர் தள்ளி மீன் கொத்தினால் நூல் போகும் சாய்வு ஆறு பாகை கூட இல்லை; வழியிலுள்ள தண்டுகளுக்குள் படுத்துக்கொண்டுதான் வரும். குளத்துக் கரை மேல் ஏறி முனை ஐந்து மீட்டர் உயரத்துக்குப் போனால் சாய்வு 14 பாகை. நூல் செடிக்கு மேலே நிற்கிறது, மீனும் மேல்நோக்கி வருகிறது. விரால் தலை ஒருமுறை அமலை மேல் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வால் உந்துவதற்குத் தண்ணீர் வேண்டும். இலைமேல் கிடக்கிற மீனுக்கு அது இல்லை. நிறுத்தாமல் சறுக்கிக்கொண்டே வந்துவிடலாம்.

நம் ஊர்ப் பெரியவர்கள் நீள மூங்கில் கழியில் கழியளவே நூல் கட்டி, அமலை இடுக்கில் இரையை இறக்கி, கொத்தியதும் செங்குத்தாகத் தூக்குவார்கள். செங்குத்தாகத் தூக்கினால் சுற்று விழ இடமே கிடையாது. இந்தக் கணக்கில் அதுதான் ஆகச் சிறந்த விடை. கலிபோர்னியாவில் டீ தாமஸ் என்பவர் 1970களில் பாஸ் போட்டிகளில் பிரபலமாக்கிய 'ஃபிளிப்பிங்' முறையும் கோரைக்குள் நீளக் கழியால் இரையை இறக்கும் பழைய பழக்கத்திலிருந்துதான் வந்தது. இங்கே பெரியவர்கள் கோர்ப்பது உயிர்த் தவளை. அதை விட்டுவிடலாம், பிசான நெற்பயிரில் பூச்சி தின்ன வேண்டிய ஆள் அது.

ரப்பர் தவளை நன்றாக யோசித்துச் செய்த பொருள். உள்ளே வெறும் காற்று; 15 கிராம் தவளை 15 மில்லிலிட்டர் தண்ணீரை ஒதுக்கினால் போதும், மிதக்கும். இரட்டை முள்ளின் நுனிகள் மேல்நோக்கி, முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். அதனால் இலைமேல் வழுக்கி வரும், மாட்டாது. மீன் வாய் அமுக்கும்போதுதான் உடல் சப்பி, முள் வெளியே வரும். இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. தண்ணீர் வெடித்த சத்தம் கேட்ட அந்தக் கணமே வெட்டினால், அமுங்காத தவளை வாயிலிருந்து உருவிக்கொண்டு வரும். நூலில் கனம் தெரியும் வரை பொறுக்க வேண்டும். இரண்டாவது, உங்கள் இழுப்பு இரண்டு தடித்த முள்ளுக்கும் பங்கு போகிறது, விரால் வாயோ எலும்பும் பல்லுமாக இருக்கும். விறைப்பான ராடும் நீளாத நூலும் இங்கே மறுபடி வேலைக்கு வருகின்றன. முள் விளிம்பு வழியே உள்ளே போன தண்ணீரை நாலு வீச்சுக்கு ஒருமுறை பிதுக்கி விடுங்கள், இல்லையென்றால் தவளை அமிழும்.

நிறத்தைப் பற்றிக் கடைகளில் நிறையப் பேசுவார்கள். கீழிருந்து வானத்தைப் பார்க்கும் மீனுக்குப் பெரும்பாலும் தெரிவது நிழலுருவம். கறுப்பு ஒன்று, வெளிர் ஒன்று வைத்திருந்தால் போதும்.

எங்கே வீசுவது என்பதில் பாஸும் விராலும் பிரிகின்றன. அடர்ந்த அமலை வெளிச்சத்தை மறைக்கிறது, காற்று கரைவதையும் தடுக்கிறது, அடியில் அழுகும் இலைகள் மிச்ச ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கின்றன. விடியும் நேரத்தில் நிலைமை இன்னும் மோசம், இரவெல்லாம் செடிகளும் சுவாசித்திருக்கும். செவுளை மட்டும் நம்பும் பாஸ் அந்த அடர்த்திக்குள் அதிக நேரம் இருக்க முடியாது; ஓரங்களிலும், மேலே கூரைபோல் மூடி அடியில் வெளியாக இருக்கும் பாசிக்குக் கீழேயும் நிற்கும். அமெரிக்கர்கள் இப்படி மீன் பிடிக்கும் பாசிகளில் ஒன்று நம் வேலம்பாசி. 1950களில் மீன்தொட்டி வியாபாரம் வழியாக ஃபுளோரிடா போய்ச் சேர்ந்து அங்கே தலைவலியாகிவிட்டது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அமலை இங்கே நமக்குத் தலைவலி. கணக்குச் சரியாகிவிட்டது.

விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் தனி அறை உண்டு. காற்று அதற்குக் கட்டாயம். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஆகவே பாஸ் நுழையாத அடர்த்தியிலும் அது இருக்கும், ஆனால் இடைவெளி தேடி வந்தே ஆகவேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் குறையக் குறைய அடிக்கடி வரும். தாமரை இலைகளுக்கு நடுவே தட்டளவு இடைவெளியில் 'பொளக்'கென்று ஒரு சத்தம், பிறகு குமிழி. தவளையை அந்த ஓட்டைக்கு இரண்டு மீட்டர் அப்பால் போட்டு, இலைமேல் இழுத்து வந்து, ஓட்டையில் நிறுத்துங்கள். அமலையைக் குத்தித் துளைத்து இறங்க 30, 40 கிராம் டங்ஸ்டன் குண்டு கட்டும் முறை பாஸுக்கு உண்டு. ஈயத்தை விட டங்ஸ்டன் அடர்த்தி கூட, அதே எடைக்குச் சிறிதாக இருக்கும் என்பதால் துளைக்கும். தானே மேலே வருகிற விராலுக்கு அந்தச் செலவு வீண்.

செம்மஞ்சளாக ஒரு கூட்டம் குஞ்சு மேலே கொப்பளித்தால், கீழே காவலுக்குப் பெரிய விரால் நிற்கிறது, எதைப் போட்டாலும் பாயும். சுலபமான மீன். அங்கே போடாதீர்கள், காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். குளம் மீன்பாசிக் குத்தகைக்குப் போயிருந்தால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டிலுக்கே இடமில்லை.

எல்லாம் செய்தும் மாட்டிக்கொண்டால் ராடால் நெம்பாதீர்கள், ராடு ஒடியும். ராடை நூலுக்கு நேராகத் தாழ்த்தி, நூலைத் தளரவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். இழுப்பு நின்றதும் சில நேரம் மீன் தானே நகர்ந்து வளைவை அவிழ்க்கும். அவிழாவிட்டால் நூலை ஒரு கட்டையில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி இழுங்கள். கையில் சுற்றினால் பிரெய்டு எலும்பு வரை வெட்டும். மீனுக்காக அமலைக்குள் இறங்கவே கூடாது. கரம்பை அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து தெரியாது, செடி காலைப் பின்னினால் நீச்சல் தெரிந்தவரும் திணறுவார். அறுந்து வந்த நூலைக் குளத்தில் போடாமல் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாலித்தீன் மக்காது, நாரையும் கூழைக்கடாவும் அதே ஓரத்தில்தான் இரை தேடுகின்றன.