சார்ஜருக்கும் பேட்டரிக்கும் நடுவே பத்து மீட்டர்

12 வோல்ட் ஈய-அமில பேட்டரி ஒன்று. அதிலிருந்து பத்து மீட்டர் தள்ளிச் சார்ஜர். நடுவே 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர். சார்ஜர் முனையில் 14.4 வோல்ட், ஓடுவது 10 ஆம்பியர். அதே நேரம் வோல்ட்மீட்டரைப் பேட்டரி டெர்மினலில் வைத்துப் பாருங்கள். 12.9 வோல்ட்தான் இருக்கும்.

மீதி ஒன்றரை வோல்ட்டை ஒயர் தின்றுவிட்டது. இந்தத் தடிமனுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 7.4 மில்லிஓம் மின்தடை. பத்து மீட்டர் தூரம் என்றால் போக ஒன்று, வர ஒன்று என 20 மீட்டர் ஒயர். பலர் கணக்கில் விடுவது இந்தத் திரும்பி வரும் ஒயரைத்தான். மொத்தம் 0.15 ஓம், 10 ஆம்பியரால் பெருக்கினால் 1.5 வோல்ட். கூடவே 15 வாட் வெப்பமாகப் போகிறது.

வெப்பத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. சார்ஜருக்குத் தெரிவது தன் முனையில் உள்ள வோல்ட் மட்டும். அங்கே 14.4 வந்ததுமே, பேட்டரி நிரம்பப் போகிறது என்று எண்ணி, கரண்ட்டைக் குறைக்கத் தொடங்கிவிடும். பேட்டரியோ இன்னும் அரை வயிற்றோடு இருக்கும். சரி, அப்படியே நின்றுவிடுமா? இல்லை. கரண்ட் 2 ஆம்பியருக்கு இறங்கும்போது ஒயரின் இழப்பும் 0.3 வோல்ட்டாகச் சுருங்கிவிடும். காத்திருந்தால் பேட்டரி நிறையும், ஆனால் நேரம் இழுக்கும். இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்து அடுத்த கட்டத்துக்கு, அதாவது நிறைந்த பேட்டரியைக் குறைந்த வோல்ட்டில் அப்படியே வைத்திருக்கும் கட்டத்துக்குத் தாவும் சார்ஜர் அவ்வளவு நேரம் காத்திருக்காது. அரைகுறையாக நிரப்பிவிட்டுப் பச்சை விளக்கைப் போட்டுவிடும். தொடர்ந்து இப்படியே நடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகி, பேட்டரி நிரந்தரமாகக் கொள்ளளவை இழக்கும்.

முடிந்தால் சார்ஜரைப் பேட்டரிக்கு அருகே கொண்டுபோங்கள். 230 வோல்ட் பக்கத்து ஒயர் நீளமாக இருந்தால் பரவாயில்லை. அங்கே இதே வேலைக்கு ஓர் ஆம்பியர் அளவில்தான் ஓடும். பேட்டரிக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். இடம் மாற்ற வழியில்லையா? 10 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும். சில சார்ஜர்களில் பேட்டரி முனைக்கே நேராகப் போகும் இரண்டு மெல்லிய சென்ஸ் ஒயர்கள் உண்டு. அவற்றில் கரண்ட் கிட்டத்தட்ட ஓடாததால் இழப்பும் இல்லை. பேட்டரியின் உண்மையான வோல்ட்டைச் சார்ஜர் அப்படியே பார்க்கும்.

அப்புறம், ஃபியூஸைப் பேட்டரி முனையில் மாட்டுங்கள். நீண்ட ஒயர் வழியில் எங்காவது உரசி ஷார்ட் ஆனால், நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டப்போவது சார்ஜர் அல்ல, பேட்டரி.