மாரடைப்புச் சிகிச்சை: அரச வைத்தியசாலையில் உங்களுக்கு உரித்தானவை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நெஞ்சு நோவென்று ஒருவர் துடிக்கும்போது வீட்டார் தாமதிப்பதற்குச் சொல்லும் காரணங்களில் இரண்டு அடிக்கடி காதில் விழுகின்றன. "கேஸ்றிக்காக இருக்கும், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்பது ஒன்று. "பெரிய செலவு வருமே" என்பது மற்றையது. இக்குறிப்பு முக்கியமாக இரண்டாவது காரணத்துக்கு எழுதப்படுகிறது என்றாலும், முதலாவதைத் தொடாமல் அதை விளக்க முடியாது.

இதயத் தசைக்கு ஒட்சிசனைக் கொண்டுசெல்பவை முடியுரு நாடிகள். அவற்றில் ஒன்றைக் குருதிக்கட்டி முற்றாக அடைத்துவிட்டால், அந்த நாடியை நம்பியிருக்கும் தசை ஏறத்தாழ 20 முதல் 40 நிமிடங்களில் இறக்கத் தொடங்குகிறது. அடுத்துவரும் சில மணித்தியாலங்களில் அந்த அழிவு தசையின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகப் பரவுகிறது. இறந்த தசை மீண்டும் வளர்வதில்லை. ஆகவே, சோடா குடித்தும் இஞ்சித் தேநீர் குடித்தும் ஏப்பத்துக்காகக் காத்திருக்கும் ஒரு மணித்தியாலத்தின் விலையை இதயமே செலுத்துகிறது. வியர்வை, மூச்சுத்திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு ஆகியவை சேர்ந்திருந்தால் காத்திருக்கவே கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு நோவே தெரியாமல் வெறும் களைப்பாகவும் அது வரலாம்.

அடைப்பை நீக்கிக் குருதியோட்டத்தை மீட்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஸ்ரெப்டோகைனேஸ், டெனெக்டிபிளேஸ் போன்ற கட்டி கரைக்கும் மருந்தை ஊசி மூலம் ஏற்றுவது ஒன்று. கை அல்லது தொடை நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பலூனால் அடைப்பை விரித்து, நாடியைத் திறந்து வைத்திருக்கும் ஸ்டென்ட் எனும் சிறு வலைக்குழாயைப் பொருத்துவது மற்றையது. உரிய நேரத்தில் செய்ய முடிந்தால் இரண்டாவதே சிறந்தது. நோய் உறுதியானதிலிருந்து 120 நிமிடங்களுக்குள் அதைச் செய்ய முடியாதென்றால், நோவு தொடங்கி 12 மணித்தியாலம் கடக்காதவர்களுக்கு மருந்தை உடனே ஏற்ற வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டல்கள் சொல்கின்றன. முதல் மூன்று மணித்தியாலங்களில் கிடைக்கும் பயன் பின்னர் கிடைப்பதில்லை. கட்டி கரைக்கும் மருந்து ஆதார வைத்தியசாலை மட்டத்திலேயே கொடுக்கப்படுகின்ற ஒன்றாகையால், பொத்துவிலில் இருந்தோ படுவான்கரையின் உட்கிராமம் ஒன்றிலிருந்தோ வாடகை வேன் பிடித்து, வழியிலுள்ள வைத்தியசாலைகளைத் தாண்டி நேரே நகரத்துக்கு ஓடுவது பல வேளைகளில் பிழையான முடிவாகிவிடுகிறது. ஈ.சி.ஜி. வசதியும் வைத்தியரும் உள்ள மிக அருகிலுள்ள அரச வைத்தியசாலையே முதலில் போகவேண்டிய இடம்.

அங்கு செல்வதற்கு எவருடைய சிபாரிசுக் கடிதமும் தேவையில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளி சேர்ந்து 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும் என்பதே மேற்சொன்ன வழிகாட்டல்களின் அளவுகோல். எனவே "நெஞ்சு நோவு" என்ற சொல்லை வாசலிலேயே, நோவு தொடங்கிய நேரத்துடன் சேர்த்துச் சொல்லுங்கள். ஈ.சி.ஜி., கட்டி கரைக்கும் மருந்து, தீவிர கண்காணிப்பு, வேறு வைத்தியசாலைக்கு மாற்றும் அம்புலன்ஸ் ஆகிய எதற்கும் அரச வைத்தியசாலை கட்டணம் அறவிடுவதில்லை. மருந்து ஏற்றியபின் போதனா வைத்தியசாலைக்கு மாற்றினால், சிகிச்சை தோற்றுவிட்டதென்று கலங்க வேண்டியதில்லை. அடைப்பு நீங்கியவர்களுக்கும் 2 முதல் 24 மணித்தியாலங்களுக்குள் அஞ்சியோகிராம் (முடியுரு நாடிகளுக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்) செய்வது விரும்பத்தக்கது. குருதி திரும்பப் பாயும் வேளையில் இதயத் துடிப்பு தடுமாறலாம் என்பதாலும் கண்காணிப்பு அவசியமாகிறது.

அந்த மருந்து எல்லோருக்கும் கொடுக்கப்படுவதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நாடி முற்றாக அடைபடாத மாரடைப்பில் அதனால் பயனில்லை. முன்னர் மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டவர்களுக்கும் அண்மையில் பெரிய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் அது ஆபத்தானது. கொடுக்காததைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொள்ளாமல், காரணத்தை வைத்தியரிடம் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

வைத்தியசாலைக்குச் செல்ல 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. பயிற்சி பெற்ற அவசர சிகிச்சை உதவியாளர் ஒருவர் வண்டியில் இருப்பதே வாடகை வேனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. ஒவ்வாமையோ குருதிப்பெருக்கோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கும்படி அவர்கள் சொன்னால் தயங்காதீர்கள். 17,000க்கு மேற்பட்ட நோயாளிகளை உள்ளடக்கி 1988இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மலிவான மாத்திரை மட்டுமே ஐந்து வார இறப்பை ஏறத்தாழ நான்கில் ஒன்றால் குறைத்தது.

பின்னர் பைபாஸ் சத்திரசிகிச்சை போன்ற செலவுகள் வந்தால், வருமானம் குறைந்தவர்கள் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். முன்னர் இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கையளிக்கலாம். எனினும் இது விண்ணப்பித்துப் பெறும் உதவி. அவசர நேரத்தில் அதை எதிர்பார்த்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

வீடு திரும்பும்போது தரப்படும் நோய் நிர்ணய அட்டையைக் கிளினிக் கொப்பியுடன் பத்திரப்படுத்துங்கள். ஒருமுறை ஸ்ரெப்டோகைனேஸ் ஏற்றப்பட்டவரின் உடலில் அதற்கெதிரான பிறபொருளெதிரிகள் (அம்மருந்தை எதிர்க்கும் புரதங்கள்) உருவாகிவிடுவதால், மீண்டும் மாரடைப்பு வந்தால் அதே மருந்தைக் கொடுக்க மாட்டார்கள். வேறு மருந்தைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதை இரவில் கடமையிலிருக்கும் வைத்தியருக்குச் சொல்லக்கூடியது அந்த அட்டைதான்.