பத்தேமுக்காலுக்கு வந்த பத்து மணிப் படம்

ஒரு காலத்தில் நம் ஊரில் ‘டெக்’ என்றால் வாடகைக்கு எடுத்துவந்து விடிய விடியப் படம் பார்க்கும் பெட்டி. மேற்கு ஜெர்மனியில் அதே வீடியோ ரெக்கார்டர், வீட்டில் ஆள் இல்லாதபோது தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்துவைக்கும் வேலைக்காரன். வேலைக்காரனுக்குக் கடிகாரம் மட்டும்தான் தெரியும். பத்து மணிக்குத் தொடங்கு, பதினொன்றரைக்கு நிறுத்து என்றால் அப்படியே செய்வான். அதற்கு முன் ஓடும் கால்பந்து ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய்விட்டால், கேசட்டில் முதல் முக்கால் மணி நேரம் பந்து உருளும். பிறகு துப்பறியும் படம் தொடங்கும். கொலைகாரன் யார் என்று தெரியும் முன்பே நாடா நின்றுவிடும்.

இது அரிதாக நடக்கும் விபத்து அல்ல. 1982 உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் மோதிய ஆட்டம் 30 நிமிடம் நீண்டு, 3–3 என்று நின்று, பெனால்டி உதைகளில்தான் முடிந்தது. விளையாட்டு இல்லாத நாளிலும் நிம்மதி கிடையாது: இசட்டிஎஃப் அலைவரிசையின் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு நிகழ்ச்சியான, பந்தயம் கட்டும் ‘வெட்டன், தாஸ்..?’ குறித்த நேரத்தைத் தாண்டுவதற்கே பேர்போனதாக இருந்தது.

முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்துப் பதிவு செய்யலாமே என்று தோன்றும். செய்தார்கள். ஆனால் வழக்கமான விஎச்எஸ் கேசட் ஒன்றில் 180 நிமிடம்தான் இடம். இரண்டு மணி நேரப் படத்துக்கு இப்படிச் சேர்த்தால் முழு கேசட்டும் போய்விடும்.

1985இல் ஏஆர்டி, இசட்டிஎஃப் என்ற இரு பொது ஒளிபரப்பு நிறுவனங்களும் கொண்டுவந்த தீர்வுக்கு விபிஎஸ் என்று பெயர். அது செய்தி அனுப்பிய வழி சுவாரசியமானது. பழைய தொலைக்காட்சியில் படம் மேலும் கீழுமாக உருளும்போது குறுக்கே ஒரு தடித்த கறுப்புப் பட்டை வருமே, நினைவிருக்கிறதா? ஜெர்மனியும் இந்தியாவும் பயன்படுத்திய ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் ஒரு முழுப் படம் 625 வரிகளால் ஆனது. ஆனால் எல்லா வரிகளிலும் படம் இருக்காது. திரையின் அடிக்கு வந்த எலெக்ட்ரான் கதிர் மறுபடி உச்சிக்குத் திரும்ப அவகாசம் வேண்டும். அதற்காகச் சில வரிகள் வெறுமையாக விடப்பட்டன. அந்தக் கறுப்புப் பட்டை அவைதான். பார்வையாளர் கண்ணில் படாத அந்த இடத்தில், 16ஆவது வரியில், விபிஎஸ் குடியேறியது. ஒரு வரிக்குக் கிடைப்பது 64 மைக்ரோ வினாடி. அதற்குள் 15 பைட் தகவல், வினாடிக்கு 25 தடவை.

அந்தத் தகவலில் ‘இப்போது மணி என்ன’ என்பது இல்லை. இப்போது ஓடும் நிகழ்ச்சி எந்த நேரத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தது என்பதுதான் இருக்கிறது. ஆறு மணி பஸ் ஏழு மணிக்கு வந்தாலும் நமக்கு அது ஆறு மணி பஸ்தான். அதே போல, பத்து மணிப் படம் பத்தேமுக்காலுக்குத் தொடங்கினாலும் 16ஆவது வரியில் ‘22:00’ என்றே வரும். பத்து மணி ஆனதும் ரெக்கார்டர் நாடாவைச் சுழற்றாது. அந்த அலைவரிசையில் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கும். கொடுத்த எண் வந்ததும் பதியத் தொடங்கும், எண் மாறியதும் நிறுத்தும். காலத்தாமதத்தை யாரும் கணக்கிட வேண்டியதே இல்லை. என்னைக் கேட்டால், பொறியியலில் இதைவிடச் சிக்கனமான யோசனைகள் குறைவு.

சிக்கனம் பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) கணக்கிலும் தெரிகிறது. நாளுக்கு 5 பிட், மாதத்துக்கு 4, மணிக்கு 5, நிமிடத்துக்கு 6; மொத்தம் 20. ஆண்டு கிடையாது, எவரும் அடுத்த ஆண்டுக்கு இப்போதே நேரம் குறிப்பதில்லை. 5 பிட்டில் 0 முதல் 31 வரை எழுத முடியும், ஆனால் ஒரு நாளில் 23க்கு மேல் மணி இல்லையே? இல்லாத மணிகளில் சிலவற்றைக் கட்டளைகளாக்கிவிட்டார்கள். மணி ‘29’ என்று வந்தால் நிகழ்ச்சி இடையில் நிறுத்தப்பட்டிருக்கிறது, பிறகு தொடரும் என்று பொருள்.

இந்த முறையில் முன்ஜாக்கிரதைக்காரர்தான் ஏமாந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று 22:00க்குப் பதில் 21:55 என்று குறித்தால், அப்படி ஓர் எண் வரவே வராது. ரெக்கார்டர் இரவு முழுக்கக் காத்திருக்கும். அச்சில் வரும் நேரமும் விபிஎஸ் நேரமும் வேறுபட்டால், நிகழ்ச்சிப் பட்டியல் இதழ்கள் இரண்டையும் அச்சிட்டதற்குக் காரணம் இதுதான். இன்னொரு பலவீனம், பெட்டியில் இருந்தது ஒரே ட்யூனர், அதாவது அலைவரிசையைப் பிடிக்கும் பகுதி. ஓர் அலைவரிசையில் தாமதமான படத்துக்குக் காத்திருக்கும்போது மற்றொன்றில் குறித்திருந்த நிகழ்ச்சி ஓடிப்போனால் அதற்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளிபரப்பு நிலையம் சரியான தருணத்தில் எண்ணை மாற்ற வேண்டும். அது பிசகினால் பதிவு முழுதும் பிசகும்.

பின்னாளில் வந்த ஷோவியூ முறை இன்னும் பிரபலமானது. இதழில் அச்சான நீண்ட எண் ஒன்றைத் தட்டினால் அலைவரிசை, தேதி, தொடக்கம், நீளம் எல்லாம் பதிவாகிவிடும். விரலுக்கு வேலை குறைந்தது, அவ்வளவே. ஆட்டம் நீண்டால் என்ன செய்வது என்று அந்த எண்ணுக்கும் தெரியாது.

டிஜிட்டல் ஒளிபரப்பில் வெற்று வரிகள் இல்லை. ஆனால் ஐரோப்பாவின் டிவிபி முறை அந்த 20 பிட்டுகளை அப்படியே எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறது: அதே நாள், மாதம், மணி, நிமிடம். கூடவே, ‘இப்போது’, ‘அடுத்து’ என்ற இரு நிகழ்ச்சிகளின் விவரமும் சில வினாடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். அதில் ‘இன்னும் தொடங்கவில்லை’, ‘சில வினாடிகளில் தொடங்கும்’, ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று நிலைமையும் சொல்லலாம்.

சொல்ல இடம் இருக்கிறதே தவிர, எல்லா நிறுவனங்களும் அதை ஒழுங்காக நிரப்புவதில்லை. அதனால் இன்றைய பெட்டிகளிலும் முன்னும் பின்னும் சில நிமிடம் சேர்த்துப் பதியும் பழைய வழி தொடர்கிறது. ஆனால் அதன் செலவு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஹார்ட் டிஸ்கில் பத்து நிமிடம் கூடினால் யாரும் கவலைப்படுவதில்லை. ஒரே அலைவரிசையில் அடுத்தடுத்து வரும் இரு நிகழ்ச்சிகளின் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும், ஒரே ட்யூனரில் வரும் தரவை இரண்டு கோப்புகளிலும் எழுதிவிடலாம். கேசட்டில் அது முடியாத காரியம்.