நான்கு இரத்த நிலாக்களும் ஒரு பண்டிகை நாட்காட்டியும்

2015 ஏப்ரல் 4. பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் வரும் சனிக்கிழமை. அன்று மாலை தமிழகக் கடற்கரையில் நிலா எழும்போதே அதன் ஒரு பக்கம் இருண்டிருந்தது. இங்கே அது ஒரு கிரகணம், அவ்வளவுதான். அமெரிக்காவிலோ அந்த நிலாவை வைத்துப் பல மாதங்களாகப் பிரசங்கங்கள் நடந்துகொண்டிருந்தன.

வாஷிங்டன் மாநிலப் போதகர் மார்க் பில்ட்ஸ் 2008-லேயே இந்தப் பேச்சைத் தொடங்கிவிட்டார். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பெரிய சபை நடத்தும் ஜான் ஹேகி 2013-ல் புத்தகமே எழுதினார். 2014 ஏப்ரல் 15, அக்டோபர் 8, 2015 ஏப்ரல் 4, செப்டம்பர் 28 என்று நான்கு முழு சந்திர கிரகணங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அப்போது நிலா சிவப்பாகத் தெரிவதால் 'இரத்த நிலா' என்று பெயர். நான்கும் யூதர்களின் பஸ்கா, கூடாரப் பண்டிகை நாட்களில் விழுகின்றன. எனவே இது இஸ்ரவேலைக் குறித்துக் கடவுள் காட்டும் அடையாளம் என்பது அவர்களுடைய வாதம். பயந்துபோனவர்கள் பலர். நானும் வேதத்தை நம்புகிறவன் என்பதால், இந்த வாதம் எங்கே ஓட்டையாகிறது என்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

பெரிதும் சிறிதுமாக இரண்டு வளையல்களை எடுத்து, சிறியதைப் பெரியதற்குள் லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். பெரியது வானில் சூரியன் போகும் பாதை, சிறியது நிலாவின் பாதை. சாய்வு சுமார் 5 பாகை. இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் இரண்டே இரண்டு. நம் பஞ்சாங்கத்தில் ராகு, கேது என்று பெயர் வைத்திருப்பது இந்த இரண்டு புள்ளிகளுக்குத்தான். பௌர்ணமி இந்தப் புள்ளிகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் நிகழ்ந்தால் பூமியின் நிழல் நிலாவின் மேல் விழும். மற்றப் பௌர்ணமிகளில் நிலா நிழலுக்கு மேலோ கீழோ தப்பிப் போய்விடும்.

சூரியன் ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு வர சுமார் 173 நாட்கள் ஆகும். ஆறு பௌர்ணமிகளுக்கு ஆவது 177 நாட்கள். இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதால், ஒரு கிரகணம் நடந்தால் ஆறாவது பௌர்ணமியில் அடுத்தது வர வாய்ப்பு அதிகம். ஆனால் ஒவ்வொரு தடவையும் நான்கு நாள் தள்ளிப்போகிறது. அதனால்தான் இந்த வரிசை நான்கு முழு கிரகணங்களுக்கு மேல் நீள்வதில்லை. வானியலில் இதற்கு டெட்ராட் என்று பெயர். கி.மு. 2000 முதல் கி.பி. 3000 வரையிலான ஐந்தாயிரம் ஆண்டுகளில் 142 டெட்ராட்கள் வருவதாக நாசாவின் கணக்கு சொல்கிறது. 1600-க்கும் 1900-க்கும் இடையில் ஒன்றுகூட இல்லை. இந்த நூற்றாண்டில் மட்டும் எட்டு.

இனி பண்டிகைக்கு வருவோம். யூத மாதம் பிறைநிலாவோடு தொடங்குகிறது. பஸ்கா நிசான் மாதத்தின் 15-ஆம் நாள், கூடாரப் பண்டிகை திஷ்ரி மாதத்தின் 15-ஆம் நாள். அதாவது இரண்டுமே பௌர்ணமியை ஒட்டியவை. நிசானுக்கும் திஷ்ரிக்கும் இடைவெளி எத்தனை மாதம் தெரியுமா? ஆறு! கிரகணத்துக்குத் தேவையான அதே ஆறு. ஆகவே ஒரு கிரகணம் பஸ்காவில் விழுந்தால், அடுத்தது கூடாரப் பண்டிகையில் விழுவதில் வியப்படைய ஒன்றுமில்லை. எளிய கணக்காகப் பார்த்தால், ஆறு டெட்ராட்களில் ஒன்றாவது இப்படிப் பொருந்த வேண்டும். முதல் நூற்றாண்டுக்குப் பிறகு எட்டு முறை பொருந்தியிருக்கிறது.

இந்தப் பிரசங்கத்தை முதலில் எதிர்த்தவர்களில் சபைக்குள்ளிருந்தே பேசியவர்களும் உண்டு. டேனி ஃபாக்னர் அவர்களில் ஒருவர். வானியலாளர், ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து நம்பும் ஒரு கிறிஸ்தவ அமைப்பில் பணிபுரிபவர். அவரை நாத்திகர் என்று ஒதுக்க யாராலும் முடியாது.

எருசலேமுக்கான அடையாளம் என்றால் அது எருசலேமில் தெரிய வேண்டுமே. முதல் கிரகணம் உச்சத்தில் இருந்தபோது அங்கே காலை பத்தே முக்கால் மணி. இரண்டாவதுக்குப் பிற்பகல் இரண்டு, மூன்றாவதுக்குப் பிற்பகல் மூன்று. வெயில் கொளுத்தும் நேரம், நிலாவோ அடிவானத்துக்குக் கீழே. நான்காவது மட்டும் விடியலுக்கு முன் அங்கே தெரிந்தது.

முன்பு பண்டிகைகளில் விழுந்த டெட்ராட்களும் யூத வரலாற்றின் பெரிய சம்பவங்களோடு பொருந்தின என்றார்கள் அந்தப் போதகர்கள். வரலாறும் கைகொடுக்கவில்லை. ஸ்பெயினிலிருந்து யூதர்களைத் துரத்தியது 1492-ல். டெட்ராட் தொடங்கியதோ 1493-ல். இஸ்ரேல் பிறந்தது 1948-ல், டெட்ராட் 1949-ல். 1967-ல் மட்டும் இஸ்ரேலின் ஆறு நாள் போருக்கு முன்பே முதல் கிரகணம் வந்துவிட்டது. அடையாளம் சம்பவத்துக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம் என்றால், எதை வேண்டுமானாலும் எதனோடும் ஒட்டிவிடலாம். கி.பி. 70-ல் எருசலேம் தேவாலயம் இடிந்தபோது இப்படியொரு வரிசை இல்லை. அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட ஆண்டுகளிலும் இல்லை. இந்த ஒன்றை நினைக்கும்போதே எனக்கு மனம் கனத்துவிடுகிறது. இஸ்ரவேலுக்கான அடையாளம் என்று சொல்லிவிட்டு, இஸ்ரவேலின் மிகப் பெரிய துயரத்தை எப்படிக் கணக்கிலிருந்து விட்டுவிட முடியும்?

அவர்கள் ஆதாரமாகக் காட்டும் வேத வசனத்தையும் பார்க்கலாம். யோவேல் 2:31-ல் சூரியன் இருளாவதும் சந்திரன் இரத்தமாவதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும், சந்திர கிரகணம் பௌர்ணமியில்தான் வரும். இரண்டும் ஒரே நாளில் நடக்க வழியே இல்லை. தீர்க்கதரிசி சொல்வது நாட்காட்டியில் குறித்து வைக்கக்கூடிய கிரகணத்தை அல்ல. அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்று மத்தேயு 24:36-ல் இயேசு சொன்னார். இந்தக் கிரகணங்களின் நாழிகையையோ வானியலாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே நிமிடக் கணக்கில் அச்சிட்டுவிட்டார்கள்.

நிலா சிவப்பதற்கும் காரணம் தெரியும். சூரிய ஒளி பூமியின் காற்றுமண்டல விளிம்பில் வளைந்து போகும்போது நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது. அந்த நேரத்தில் பூமியெங்கும் நடக்கும் விடியல்கள், அந்திகள் அத்தனையின் வெளிச்சமும் சேர்ந்து நிலாவின் மேல் விழுகிறது. 1991-ல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்து மேல்வானில் தூசு படர்ந்திருந்ததால், 1992 டிசம்பரில் வந்த கிரகணத்தில் நிலா சிவக்காமல் கரிபோல் மங்கிக் கிடந்தது.

2015 செப்டம்பர் 28-உம் வந்து போனது. அடுத்த டெட்ராட் 2032-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் இரண்டு கிரகணங்களும் பண்டிகைகளோடு பொருந்தவில்லை. 2033-ன் இரண்டும் பொருந்துகின்றன: ஏப்ரல் 14 பஸ்கா நாளில், பெரிய வியாழனன்று விழுகிறது; அக்டோபர் 8 கூடாரப் பண்டிகை நாளில். அந்த வரிசையின் முதல் கிரகணம் 2032 ஏப்ரல் 25, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாட்டில் இரவு எட்டே முக்கால் மணியளவில் அது உச்சத்தில் இருக்கும். வெறுங்கண்ணால் பார்க்கலாம். மாலை ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளைக் கோயில் முற்றத்துக்குக் கூட்டிவந்து கிழக்கே காட்டுங்கள்.