சயின்டிஃபிக் டெம்பர்: தமிழில் என்ன சொல்வது?

"டெம்பர் என்றால் கோபம்தானே, மாமா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுச் சிறுமி. தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய எங்கள் சந்தில், மாலை வேளைகளில் பாடப்புத்தகத்தோடு என்னிடம் வருவாள். அன்று குடிமையியல். அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு குடிமக்களின் கடமைகளை அடுக்குகிறது. 'சயின்டிஃபிக் டெம்பரை' வளர்ப்பதும் அவற்றில் ஒன்று. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அதைச் சேர்த்தது. 1946இல் வெளிவந்த தம் நூலிலேயே நேரு இந்தத் தொடரைக் கையாண்டிருக்கிறார்.

கோபம் என்பது பின்னால் ஏறிய பொருள். மூலம் லத்தீன் மொழியின் 'டெம்பெராரே': உரிய அளவில் கலத்தல், மட்டுப்படுத்தல். உடலில் நான்கு திரவங்கள் கலந்திருக்கும் அளவே ஒருவரின் குணம் என்று பழைய ஐரோப்பிய மருத்துவம் நம்பியது. அவ்வழியே சொல் மனத்துக்கு வந்தது. கொல்லுப் பட்டறைக்கும் போனது. செக்கச் சிவக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் அமிழ்த்தினால் கடினமாகும், ஆனால் எளிதில் உடையும். மறுபடி மிதமாகச் சூடேற்றினால்தான் உடையாத உறுதி வரும். இப்படிப் பதம் ஏற்றுவதைத் தமிழில் தோய்ச்சல் என்போம். எனக்கு இந்தப் பொருள்தான் மிகவும் பிடிக்கும். சொன்னதையெல்லாம் நம்பும் மனம் வளைந்த இரும்பு. எதையும் மறுக்கும் மனம் உடையும் இரும்பு. இரண்டுக்கும் நடுவிலான பதமே டெம்பர்.

தமிழில் என்ன சொல்வது? 'விஞ்ஞான மனோபாவம்' பழைய தலைமுறையின் சொல். 'பகுத்தறிவு' அழகான சொல்தான். ஆனால் அது எல்லோருக்கும் உள்ள ஓர் ஆற்றல், டெம்பரோ பழகிப் பெறுவது. இன்று அதிகம் புழங்குவது 'அறிவியல் மனப்பான்மை'. அதில் எனக்கு ஒரு தயக்கம். பான்மை என்றால் இயல்பு. 'தாழ்வு மனப்பான்மை' என்னும்போது கூடவே ஒட்டிக்கொண்ட குணம் போலத் தொனிக்கிறது. பாங்கு அப்படியல்ல. முறை, ஒழுங்கு, தகுதி எல்லாம் அதற்குள் உண்டு. பாங்கைக் கற்கலாம், கைவிடலாம், மறுபடி வளர்க்கலாம். ஆகவே 'அறிவியல் மனப்பாங்கு' என்பதே என் தேர்வு.

சொல்லைச் சொன்னேன், அவள் முகம் தெளியவில்லை. எனவே வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகரைப் பற்றிச் சொன்னேன். கேம்பிரிட்ஜிலிருந்து 1972இல் திரும்பி, இதே மும்பையின் கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தவர். விண்ணியலை மராத்தியில் எழுதினார், தூர்தர்ஷனில் விளக்கினார். ஜோதிடத்தை அவர் வெறுமனே பழிக்கவில்லை, சோதித்தார். 2008இல், மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கர் உள்ளிட்டோருடன் சேர்ந்து, படிப்பில் சிறந்த 100 பேர், மனவளர்ச்சி குன்றிய 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, ஆளுக்கு 40 வீதம் ஜோதிடர்களுக்கு அனுப்பினார். எது யாருடையது என்று பிரிக்க வேண்டும். 27 பேர் விடை அனுப்பினார்கள். சராசரியாகச் சரியானவை 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிவிட்டாலே பாதி சரியாகும்!

அவரிடம் நான் மேலும் வியப்பது, தம் துறையிலும் அவர் இதே பாங்கோடு இருந்ததை. பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கியது என்பதை உலகமே ஏற்றபோதும், பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயிலோடு சேர்ந்து, அதற்குத் தொடக்கமே இல்லை என்னும் மாற்றுக் கொள்கைக்காக வாதாடினார். பெரும்பாலான வானியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் வாதம் எப்போதும் அவதானிப்புகளைப் பற்றியதாகவே இருந்தது. ஐயம் நீங்கித் தெளிந்தவர்க்கு வையத்தைவிட வானம் நெருக்கமானது என்கிறது குறள். அங்கே வானம் என்பது வேறு உலகம். எனக்கோ அதைப் படிக்கும்போதெல்லாம் அவர் நினைவே வருகிறது.

கையெழுத்துக் கேட்டு மொய்க்கும் பிள்ளைகளிடம், "தபால் அட்டையில் ஒரு கேள்வி எழுதி அனுப்பு, பதிலோடு கையெழுத்தும் வரும்" என்பாராம். இதைக் கேட்டதும் சிறுமி நிமிர்ந்தாள். தபால் அட்டை எங்கே கிடைக்கும் என்றாள். அவர் 2025 மே 20 அன்று புணேயில் காலமானார் என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பகலிலும் நிலா தெரிகிறதே, ஏன் என்று எழுதினாள்.