கடனை அடைத்துவிட்டால் சூது விட்டுவிடாது

போன வாரம் பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) உட்கார்ந்ததும் சுருக்குப் பையைத் திறந்து, நான்காய் மடித்த அடகுச் சீட்டை என் மேஜைமேல் பிரித்து வைத்தார். "எல்லாத்தையும் கட்டிட்டேன் டாக்டர். இனிமே ஆடமாட்டேன்னு அண்ணம்மா கோயில்ல சத்தியம் பண்ணிட்டான். நீங்களும் ரெண்டு வார்த்தை புத்தி சொல்லுங்க."

அவர் இப்படிக் கடனைக் கட்டுவது இது மூன்றாவது தடவை. மகளுக்கென்று வைத்திருந்த நகை. பையன் தலை நிமிரவே இல்லை. பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அம்மாவை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் சொன்னான், லோன் ஆப்பில் இன்னும் 80,000 இருக்கிறதாம்.

சீட்டுக்கட்டைத் தொட்டவரெல்லாம் நோயாளி இல்லை. யுகாதிக்கு பெங்களூரில் சந்துக்குச் சந்து சீட்டாட்டம் ஓடும். ஒருவர் 500 ரூபாயோடு உட்காருவார், போனதும் எழுந்துபோய் ஒப்பட்டு (நம்ம போளி) சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். அது விளையாட்டு. என்னிடம் வரும் குடும்பங்கள் முதலில் சொல்வது எவ்வளவு போனது என்பதை. நான் கேட்பது, தோற்ற அன்று ராத்திரி என்ன செய்தார் என்பதை. விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுபடி உட்கார்ந்தாரா? வாடகைப் பணத்தில் கை வைத்தாரா? பொய் சொன்னாரா? அப்படியென்றால் போனது 3,000 ரூபாயாக இருந்தாலும் எனக்குக் கவலைதான்.

மூளையில் சுரந்து ஆசையைத் தூண்டும் டோபமைன் கதை எல்லாருக்கும் தெரியும், விடுகிறேன். ஆனால் இந்தக் கடன் விஷயத்தை எத்தனை தடவை சொல்வது! கடன் காய்ச்சல் மாதிரி. அடைத்தால் சூடு குறையும், கிருமி உள்ளேயே இருக்கும். நீங்கள் மொத்தமாகக் கட்டியதும் அவர் மனதில் பதிவது ஒன்றுதான்: எவ்வளவு விட்டாலும் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். லோன் ஆப்பில் கணக்கு நேரானதும் புதுக் கடனும் சுலபமாகக் கிடைக்கிறது. கல்யாணம் செய்துவைத்தால் திருந்திவிடுவான் என்பதும் இதே கதைதான், வருகிற பெண்ணையும் கடனில் இறக்குகிறீர்கள். பேராசை, திமிர் என்று திட்டாதீர்கள். 1980-லேயே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் சூது வெறியை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013-ல் குடி, கஞ்சா இருக்கும் அதே அத்தியாயத்துக்கு மாற்றியது. குடிக்கிறவருக்கு பார் பாக்கியை அடைப்பதை யாராவது வைத்தியம் என்பார்களா?

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. நல்லது. அதற்காக வீட்டில் அசந்துவிடாதீர்கள், ஏதாவது ஒரு குழுவில் புது லிங்க் வந்து நிற்கும்.

சம்பளம் வேறொருவர் கணக்குக்குப் போகட்டும். யுபிஐ வரம்பைக் குறையுங்கள். கடன்களை அவரே தன் கையால் ஒரு தாளில் எழுதட்டும், தவணையை அவரே கட்டட்டும். நகையை வங்கி லாக்கரில் வையுங்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் அடிமைப் பழக்கங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, சத்தியம் வாங்கும் நேரத்தில் அங்கே போங்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கடன் வெளியே தெரிந்த அந்த ராத்திரி அவரைத் தனியாக விடாதீர்கள். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.